பாலியை விடுங்கள், சுமத்ரா போங்கள்! (வாசகர் கேள்வி பதில்)

போன இதழில் ஒரு வாசகர், வெள்ளிவிழா கல்யாண நாளுக்கு பாலி போகிறோம், அங்கே என்ன பார்க்கலாம் என்று கேட்டிருந்தார். பாலியை ஊரே பார்த்தாயிற்று, அதே இந்தோனேசியாவில் சுமத்ரா என்று ஒரு தீவு இருக்கிறது, தமிழர்களுக்குப் பார்க்க அங்கேதான் விஷயம் அதிகம் என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று அலுவலகத்தில் யாரும் எதிர்பார்க்கவில்லை. பாதிப் பேர் விவரம் கேட்டிருக்கிறார்கள், மீதிப் பேர் திட்டியிருக்கிறார்கள். அதனால் இந்த முறை முழுக்க சுமத்ராதான். சொசைட்டி பராமரிப்புக் கட்டணம், ரேஷன் கார்டு முகவரி மாற்றம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ச.மீ., செம்பூர்: பாலி என்றால் கடற்கரை, கோயில், நடனம் என்று சொல்லலாம். சுமத்ராவில் அப்படி என்ன இருக்கிறது சார்? அது பாலியை விடப் பெரிதா சின்னதா என்றுகூட எனக்குத் தெரியாது.

பெரிதுதான், அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை. பாலியின் பரப்பு 6,000 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. சுமத்ரா சுமார் 4,73,000. நம் மகாராஷ்டிராவைப் போல ஒன்றரை மடங்கு. உலகத்தின் ஆறாவது பெரிய தீவு. வடமேற்கு மூலையில் ஆச்சேயில் ஆரம்பித்து தென்கிழக்கில் லாம்புங் வரைக்கும் 1,700 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது, பூமத்திய ரேகை அதை நட்டநடுவில் வெட்டிக்கொண்டு போகிறது. மேற்குக் கரையை ஒட்டி புக்கிட் பாரிசான் என்ற மலைத்தொடர் தீவின் முழு நீளத்துக்கும் ஓடுகிறது. அதில் வரிசையாக எரிமலைகள். கெரிஞ்சி என்ற மலை 3,805 மீட்டர், இந்தோனேசியாவின் எரிமலைகளிலேயே உயரமானது. கிழக்குப் பக்கம் நேர்மாறு: மலையிலிருந்து இறங்கும் பெரிய ஆறுகள், சதுப்பு, இப்போது கண்ணுக்கு எட்டிய வரை எண்ணெய்ப் பனைத் தோட்டம், அதற்கு அப்பால் மலாக்கா நீரிணை.

தூரம் என்று பார்த்தால் நம் நாட்டுக்கு அடுத்த வீடு. கிரேட் நிக்கோபாரின் தெற்கு நுனியிலிருந்து சுமத்ரா பக்கத்துத் தீவுகள் 200 கிலோமீட்டர்கூட இல்லை. தாதரில் ஏறி நாசிக்கில் இறங்குகிற தூரம்தான், என்ன, நடுவில் கடல். உங்களுக்குக் கடற்கரையும் நீச்சல் குளம் வைத்த வில்லாவும் மட்டும் போதும் என்றால் தாராளமாக பாலிக்கே போங்கள், அதில் சுமத்ரா தோற்றுவிடும். மலை, ஏரி, காடு, பழைய ஊர், தமிழ் வாடை இதெல்லாம் வேண்டும் என்றால் மேலே படியுங்கள்.

மா.செ., பன்னிரண்டாம் வகுப்பு, தாராவி: ராஜேந்திர சோழன் சுமத்ராவைப் பிடித்து நூறு வருடம் ஆண்டார் என்று எங்கள் குரூப்பில் வீடியோ வந்தது அண்ணாச்சி. அங்கே சோழர் கோட்டை இருக்கிறதா?

கோட்டையும் இல்லை தம்பி, நூறு வருட ஆட்சியும் இல்லை. ஆனால் படை போனது சத்தியம். 1025 வாக்கில் ராஜேந்திரனின் கப்பல்கள் வங்கக் கடலைத் தாண்டிப் போய், சுமத்ராவைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்ரீவிஜயப் பேரரசின் துறைமுகங்களை வரிசையாக அடித்தன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வரும் மெய்க்கீர்த்தியில் அடிபட்ட ஊர்களின் பட்டியலே இருக்கிறது. ஸ்ரீவிஜயம் என்பது இன்றைய பாலெம்பாங், மலையூர் என்பது ஜம்பி பக்கம், பண்ணை என்பது வடக்கு சுமத்ராவில் பாடாங் லாவாஸ் பக்கம் என்பது பெரும்பாலானவர்களின் கருத்து, இலாமுரிதேசம் ஆச்சே. கடாரம் மட்டும் நீரிணைக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் கெடா. மன்னன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைப் பிடித்தார்கள், பொக்கிஷத்தை அள்ளினார்கள், விச்சாதிரத் தோரணம் என்ற அலங்கார வாசலைப் பெயர்த்துக்கொண்டு வந்தார்கள். வந்துவிட்டார்கள், அவ்வளவுதான். உட்கார்ந்து ஆண்டதற்கு அங்கே அடையாளம் இல்லை.

வீடியோவில் வராத ஒன்று சொல்கிறேன். இதற்கு இருபது வருடம் முன்பு இதே ஸ்ரீவிஜய அரச குடும்பம் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்று ஒரு புத்த விகாரம் கட்டியது. அதன் செலவுக்கு ராஜேந்திரனின் அப்பா ராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தின் வருமானத்தை எழுதிவைத்தார். அந்தத் தானத்தைச் சொல்லும் செப்பேடுகளுக்குத்தான் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர், நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் வந்த பெயர் அது. இவ்வளவு உறவாக இருந்தவர்கள் ஏன் அடித்துக்கொண்டார்கள்? சீனாவுக்குப் போகும் கடல்வழி மலாக்கா நீரிணை வழியாகத்தான் போக வேண்டும், அதன் கழுத்து ஸ்ரீவிஜயத்தின் கையில் இருந்தது, வியாபாரத் தகராறுதான் மூலம் என்று பெரும்பாலான வரலாற்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள்.

என்னைக் கேட்டால் ராஜேந்திரனை விட அந்த வியாபாரிகள்தான் சுமத்ராவில் சுவாரசியம். மேற்குக் கரையில் பாரூஸ் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. இன்று போனால் மீன்பிடிப் படகுகளும் தென்னையும்தான், ஆனால் ஆயிரம் வருடம் முன்பு அரபு நாடுகளிலிருந்து சீனா வரைக்கும் கற்பூரம் என்றால் பாரூஸ் கற்பூரம். நாம் கோயிலில் ஏற்றுகிற சூடம் இல்லை, காட்டு மரத்தின் உள்ளே படிகமாக உறைந்து கிடப்பது, பொன்னுக்கு நிகராக விற்றது. அந்த ஊரின் பக்கத்தில் லோபு துவா என்ற இடத்தில் 1873ல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சக ஆண்டு 1010, அதாவது 1088. வைத்தவர்கள் அரசர்கள் இல்லை, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு. ஊரில் கூடிப் பேசி, கப்பலோடு வருகிறவர்கள் கஸ்தூரி விலையை ஒட்டிப் பொன்னாகக் கட்டணம் செலுத்திவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். படை வந்து போய் அறுபது வருடம் கழித்து, தங்களுக்கென்று ஒரு பட்டினமும் அதற்கு ஒரு கட்டண விதியும் வைத்துக்கொண்டு நம் ஆட்கள் அங்கே குடியிருந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 1990களில் பிரெஞ்சு, இந்தோனேசிய ஆய்வாளர்கள் அங்கே தோண்டியபோது சீனப் பீங்கானும் மேற்காசியக் கண்ணாடியும் கிடைத்தன.

கல்லைப் பார்க்க பாரூஸுக்குப் போகாதே, அது ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இது தவிர பண்டா ஆச்சேயில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. மேற்கு சுமத்ராவின் சுரோஆசோவில் 14ஆம் நூற்றாண்டு மன்னன் ஆதித்யவர்மன் காலத்து வாய்க்கால் கல்வெட்டு ஒன்றில் கிரந்த எழுத்து இருக்கிறது. கட்டடமாகப் பார்க்க ஆசை என்றால் ஜம்பிக்குப் பக்கத்தில் முவாரோ ஜம்பி. பாத்தாங் ஹாரி ஆற்றங்கரையில் மரங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் செங்கல் புத்த ஆலயங்கள், வாடகை சைக்கிளில் சுற்றலாம். இதை உன் குரூப்பில் போடு, யாராவது சண்டைக்கு வந்தால் தஞ்சாவூர் கல்வெட்டைப் படிக்கச் சொல்.

க.ரா., கல்யாண்: பாலி இந்துக்கள் வாழும் தீவு. அதை விட்டுவிட்டு முஸ்லிம்கள் அதிகம் உள்ள இடத்துக்குப் போகச் சொல்கிறீர்கள். அங்கே நமக்கு ஒரு கோயிலாவது உண்டா?

கோபம் புரிகிறது, பதில் வடக்கு சுமத்ராவின் மேடானில் இருக்கிறது. இருபது லட்சத்துக்கு மேல் மக்கள் இருக்கும் அந்த நகரத்தின் நடுவில் கம்புங் மெட்ராஸ் என்று ஒரு பேட்டையே உண்டு. அங்கே 1884ல் கட்டிய ஸ்ரீ மாரியம்மன் கோயில், தெருவைப் பார்த்து கோபுரம், உள்ளே நம் ஊர் அம்மன். பாலிக் கோயில் அழகுதான், ஆனால் அந்தப் பூசை வேறு, சாமி கும்பிடும் முறை வேறு. மேடானில் விபூதி வாங்கிப் பூசிக்கொண்டு வெளியே வரலாம்.

அந்தக் கோயில் அங்கே எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1863ல் நீன்ஹாய்ஸ் என்ற டச்சுக்காரர், மேடான் பகுதியை ஆண்ட டெலி சுல்தானின் நிலத்தில் புகையிலை போட ஆரம்பித்தார். சுருட்டின் மேலே சுற்றுகிற இலைக்கு டெலி புகையிலையைப் போல உலகத்தில் இல்லை என்று பேர் வந்தது, காடு முழுக்கத் தோட்டமாயிற்று. வேலைக்கு சீனர்கள், ஜாவாக்காரர்கள், அப்புறம் பெரும்பாலும் பினாங்கு வழியாகக் கொண்டுவரப்பட்ட தமிழர்கள். நம் ஆட்களுக்குச் சாலை போடுவதும் மாட்டு வண்டி ஓட்டுவதும்தான் முக்கிய வேலை. 1880ல் டச்சு அரசு போட்ட கூலிச் சட்டப்படி ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தை விட்டு ஓடினால் சிறை. தேயிலைத் தோட்டம், ரப்பர் தோட்டம் என்று இலங்கையையும் மலேயாவையும் பற்றி நாம் பேசுகிற அளவுக்கு டெலியைப் பற்றிப் பேசுவதில்லை, பேச வேண்டும். அவர்கள் கட்டிய கோயில் அது. இன்றைக்கு அந்தக் குடும்பங்களின் பேரன் பேத்திகள் வீட்டுக்கு வெளியே இந்தோனேசிய மொழிதான் பேசுகிறார்கள். தாராவியில் மூன்றாவது தலைமுறைப் பிள்ளைகள் தங்களுக்குள் இந்தியில் பேசிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

மேடானில் வேளாங்கண்ணி மாதாவும் இருக்கிறாள். நகரின் விளிம்பில் அன்னை வேளாங்கண்ணி ஆலயம் என்று 2005ல் கட்டி முடித்த ஒரு தேவாலயம். தூரத்திலிருந்து பார்த்தால் மேலே கோயில் கோபுரம், பக்கத்தில் முகலாய மினார், கிட்டே போனால் சிலுவை. கட்டியவர் தமிழ்ப் பாதிரியார். பாந்த்ராவில் மவுண்ட் மேரிக்குப் போகிற நம் ஆட்கள் எல்லா மதத்திலும் உண்டு இல்லையா, இங்கேயும் அப்படித்தான், எல்லாரும் வருகிறார்கள்.

த.பா., வாஷி: சுமத்ராவில் சோழன், பாண்டியன் என்று குடும்பப் பெயர் வைத்த பழங்குடி உண்டாமே?

கதை இல்லை, உண்டு. டோபா ஏரிக்கு வடக்கே இருக்கும் காரோ மக்களில் செம்பிரிங் என்று ஒரு பெருங்குலம். அதன் உட்பிரிவுகளில் சோலியா, பாண்டியா, மெலியாலா, பிராமானா என்றெல்லாம் இருக்கின்றன. பழைய வணிகர்களோடு ஏற்பட்ட கலப்பின் மிச்சம் என்பது பலரின் கணிப்பு. ஆள் பார்க்க நம்மைப் போல இருப்பார் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள், ஆயிரம் வருடம் ஆயிற்று. இன்றைக்கு அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள்.

பெயர் வேண்டாம் என்று எழுதியவர், டோம்பிவிலி: டோபா ஏரி என்று ஒன்றுக்காகவே சுமத்ரா போகலாம் என்கிறார் என் அலுவலக நண்பர். ஒரு ஏரிக்காகவா?

நண்பர் சரியாகச் சொன்னார். அது ஏரி மாதிரி தெரிகிற எரிமலை வாய். சுமார் 74,000 வருடம் முன்பு அந்த இடத்தில் நடந்த வெடிப்பு, கடந்த இருபது லட்சம் வருடத்தில் பூமி கண்ட மிகப் பெரிய எரிமலை வெடிப்புகளில் ஒன்று. உள்ளே இருந்த குழம்பெல்லாம் வெளியே கொட்டியதும் மேல்தரை அப்படியே உட்கார்ந்துவிட்டது, பள்ளத்தில் தண்ணீர் நிறைந்தது. நீளம் 100 கிலோமீட்டர், அகலம் 30, ஆழம் சில இடங்களில் 500 மீட்டர். அப்புறம் அடியிலிருந்து குழம்பு மறுபடி தள்ளியதில் ஏரியின் தரை மேலே எழும்பி வந்தது, அதுதான் நடுவில் இருக்கும் சமோசிர் தீவு. கிட்டத்தட்ட நம் மும்பை மாநகராட்சி எல்லை அளவு, தீவுக்குள் ஏரி, ஏரிக்குள் தீவு.

சாம்பல் எங்கே போயிற்று தெரியுமா? இந்தியாவுக்கு. ஆந்திராவில் கர்னூல் பக்கம் ஜ்வாலாபுரத்தில் மீட்டர் கணக்கில் அடுக்கடுக்காகக் கிடக்கிறது, ஊர்க்காரர்கள் வெட்டி எடுத்து வியாபாரம் செய்கிறார்கள். நமக்குப் பக்கத்திலேயே புனே மாவட்டத்தில் போரி கிராமம், குக்கடி ஆற்றங்கரையில் வெள்ளையாக ஒரு சாம்பல் அடுக்கு, அதுவும் டோபாவிலிருந்து வந்ததுதான், ஆனால் இந்த வெடிப்பா அதற்கு முந்தைய வெடிப்பா என்பதில் புவியியல்காரர்களுக்குள் பஞ்சாயத்து தீரவில்லை. டோபா வெடித்ததில் மனித இனமே அழிந்துபோகப் பார்த்தது என்று ஒரு கோட்பாடு ரொம்ப நாள் ஓடியது. ஜ்வாலாபுரத்தில் சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் ஒரே மாதிரியான கல் கருவிகள் கிடைத்த பிறகு அதன் வேகம் குறைந்துவிட்டது. சாம்பல் மழையில் நின்றும் நம் மண்ணில் ஆட்கள் பிழைத்திருக்கிறார்கள்.

போகிற வழி: மேடானிலிருந்து காரில் நாலைந்து மணி நேரம், பராபட் என்ற கரையோர ஊர். அங்கிருந்து படகு. ஏரி 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வியர்வை இல்லை, இரவில் போர்வை வேண்டும். சமோசிரில் துக்துக் என்ற முனையில் விடுதிகள், எல்லா பட்ஜெட்டுக்கும். தோமோக்கில், இந்த ஏரிப் பகுதியின் மக்களான பதாக்குகளின் அரசர்கள் கல்லறை, ஒரே கல்லில் குடைந்த பேழைகள், முன்னால் முகம் செதுக்கியிருக்கும். அம்பாரித்தாவில் மரத்தடியில் வட்டமாகப் போட்ட கல் நாற்காலிகள், பஞ்சாயத்து நடந்த இடம். பதாக் வீடுகளை நின்று பாருங்கள். கட்டைக் கால்களின் மேல் வீடு, கூரை நடுவில் தொய்ந்து இரண்டு முனையும் தூக்கிக்கொண்டு நிற்கும், முகப்பில் சிவப்பு, கறுப்பு, வெள்ளை மூன்றே நிறத்தில் நெளிநெளியாகச் செதுக்கல். அதற்கு நடுவில் ஒரு பல்லியும் நான்கு முலைகளும் இருக்கும். பல்லி எந்தச் சுவரிலும் ஒட்டிக்கொள்வதைப் போல எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்ள வேண்டும், ஆனால் தாய்வீட்டை மறக்கக் கூடாது என்பதுதான் அதற்கு அவர்கள் சொல்லும் விளக்கம். வாசல் தாழ்வு, குனிந்துதான் நுழைய முடியும். நம் செட்டிநாட்டு வீட்டு நிலை மாதிரியே தலையில் இடித்துக்கொள்ள நல்ல வாய்ப்பு.

ஒரே ஒரு எச்சரிக்கை. 2018 ஜூனில் இதே ஏரியில் அளவுக்கு மேல் ஆளும் பைக்கும் ஏற்றிய படகு மூழ்கி 160 பேருக்கு மேல் காணாமல் போனார்கள், ஆழம் காரணமாகப் பெரும்பாலான உடல்களை எடுக்கவே முடியவில்லை. கூட்டம் பிதுங்குகிற படகு என்றால் விட்டுவிட்டு அடுத்ததில் போங்கள். விரார் ரயிலில் தொங்குகிற வீரத்தை அங்கே காட்ட வேண்டாம்.

ல.வெ., மாட்டுங்கா: நாங்கள் சுத்த சைவம், என் மாமியார் வெங்காயம்கூட சாப்பிட மாட்டார். பட்டினி கிடக்க வேண்டியதுதானா?

மாமி, கவலையே வேண்டாம், மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மேடானில் சீனர்கள் நிறைய, அவர்களில் பௌத்தர்கள் நடத்தும் சைவ உணவகங்கள் நகரம் முழுக்க உண்டு, அங்கே பெரும்பாலும் வெங்காயம் பூண்டும் இருக்காது. அந்த வகையில் உங்கள் வீட்டுச் சமையலுக்கு ரொம்பக் கிட்டே. கம்புங் மெட்ராஸ் பக்கம் இந்தியச் சாப்பாட்டுக் கடைகளும் உண்டு.

சிக்கல் மற்ற கடைகளில்தான். பாடாங் சாப்பாட்டுக் கடை என்று தீவு முழுக்க இருக்கும். உட்கார்ந்தவுடன் பரிமாறுகிறவர் ஒரே கையில் பத்துப் பன்னிரண்டு தட்டுகளை முழங்கை வரைக்கும் அடுக்கிக்கொண்டு வந்து கேட்காமலே மேஜை முழுக்கப் பரப்பிவிடுவார். தொட்டதற்கு மட்டும் காசு, தொடாதது திரும்பிப் போய்விடும். அதில் பலாக்காய்க் குழம்பு, மரவள்ளி இலைக் குழம்பு எல்லாம் தேங்காய்ப்பாலில் மணக்கும், பார்க்க நம் கூட்டு மாதிரியே. ஆனால் அதில் நெத்திலியோ கறித் துண்டோ இருக்க வாய்ப்பு உண்டு. சம்பல் என்ற மிளகாய் விழுதில் தெராசி என்ற இறால் விழுது பெரும்பாலும் இருக்கும். ஆகவே இறைச்சி இல்லை என்று மட்டும் சொன்னால் போதாது. "தன்பா டாகிங், தன்பா இக்கான், தன்பா தெராசி" என்று மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: கறி இல்லாமல், மீன் இல்லாமல், இறால் விழுது இல்லாமல். தெம்பே, தாஹு இரண்டும் சோயாவில் செய்தவை, தைரியமாகக் கேட்கலாம், எந்த எண்ணெயில் பொரித்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

அசைவக்காரர்களுக்கு ஒரு வரி: புகழ்பெற்ற ரெண்டாங் பெரும்பாலும் மாட்டிறைச்சி. பதாக் பகுதிகளில் கடைப் பலகையில் பி2 என்று போட்டிருந்தால் பன்றி, பி1 என்றால் நாய். தெரிந்துகொண்டு நுழையுங்கள்.

ஆ.ஜோ., முலுண்டு: ஓராங்குட்டானைக் காட்டில் பார்க்க முடியுமா? பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

பார்க்கலாம். மேடானிலிருந்து மூன்று நான்கு மணி நேரத்தில் புக்கிட் லாவாங், குனுங் லெய்சர் தேசியப் பூங்காவின் வாசல். வீட்டில் வளர்க்கப்பட்டுப் பிடிபட்ட ஓராங்குட்டான்களைக் காட்டுக்குப் பழக்க 1973ல் அங்கே ஒரு மையம் ஆரம்பித்தார்கள். அந்த வம்சம் மனிதர்களைப் பார்த்து ஓடாது, அதனால்தான் எளிதாகக் கண்ணில் படுகிறது. அதுவே ஆபத்தும்கூட. வழிகாட்டி வாழைப்பழத்தைக் காட்டிக் கூப்பிட்டால் தடுங்கள், நமக்கு இருக்கும் சளியும் காய்ச்சலும் அதற்குத் தொற்றும். பாதை செங்குத்து, வழுக்கும், வேர்களைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும், அட்டை உண்டு. பத்து வயதுக்கு மேல் என்றால் அழைத்துப் போங்கள். டோபாவுக்குத் தெற்கே பாத்தாங் தோரு காட்டில் இருப்பது தனி இனம் என்று 2017ல்தான் அறிவித்தார்கள். அவை எண்ணூறுகூட இல்லை.

ந.சு., சயான்: எரிமலை, நிலநடுக்கம், சுனாமி எல்லாம் அங்கிருந்துதானே கிளம்புகிறது? பணம் கொடுத்து அங்கேயா போக வேண்டும்?

நியாயமான பயம்தான். 2004 டிசம்பர் 26 காலை நம் நேரம் ஆறரைக்கு சுமத்ராவின் மேற்குக் கடலில் 9.1 அளவில் பூமி ஆடியது. சில நிமிடங்களில் ஆச்சே கரை காலி. இரண்டு மணி நேரத்துக்கு அப்புறம்தான் அலை நாகப்பட்டினத்துக்கும் மெரினாவுக்கும் வந்தது. தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர், இந்தோனேசியாவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் அன்றைக்கு உறவை இழந்தவர்கள் இருப்பீர்கள், அதனால் அதிகம் எழுதவில்லை. ஆனால் பண்டா ஆச்சேவுக்கு ஒரு முறை போக வேண்டும் என்பேன். 2009ல் திறந்த சுனாமி அருங்காட்சியகத்தில் நுழைவதே ஒரு இருட்டுச் சந்து வழியாக, இரண்டு பக்கமும் உயரமான சுவர், சுவரில் தண்ணீர் வழியும் சத்தம். உள்ளே ஒரு வட்டக் கூண்டு முழுக்கப் பெயர்கள். ஊருக்கு நடுவே 2,600 டன் மின்நிலையக் கப்பல் ஒன்று அலை தூக்கிப் போட்ட இடத்திலேயே நிற்கிறது, மேலே ஏறிப் பார்க்கலாம். ஆச்சேயில் ஷரியா சட்டம் உண்டு. மூடிய உடை போதும், மற்ற மதத்துப் பெண்களுக்கு முக்காடு கட்டாயம் இல்லை, ஆனால் பைத்துர்ரஹ்மான் மசூதிக்குள் போக வேண்டும் என்றால் வேண்டும். மது கிடைக்காது.

எரிமலை விஷயத்தில் ஒன்றே ஒன்று: அரசு போட்ட எல்லையைத் தாண்டாதீர்கள். வடக்கு சுமத்ராவின் சினாபுங் நானூறு வருடம் தூங்கிவிட்டு 2010ல் எழுந்தது. மேற்கு சுமத்ராவின் மராப்பி 2023 டிசம்பரில் திடீரென்று வெடித்தபோது மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஏரிக்கும் ஊருக்கும் போகிறவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. நவம்பர், டிசம்பர் மழையில் மலைச்சாலை சரிவதுதான் நிஜமான தொல்லை. பிப்ரவரி, ஜூன், ஜூலை நல்ல மாதங்கள்.

ப.கி., பாண்டுப்: விசா, டிக்கெட், செலவு. சுருக்கமாக.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா இறங்கிய இடத்திலேயே கிடைக்கும், 5,00,000 ருப்பியா, நம் காசில் மூவாயிரத்துக்குள், 30 நாள், ஒரு முறை நீட்டிக்கலாம். குடிவரவுத் துறையின் தளத்திலேயே முன்கூட்டி எடுத்தால் வரிசை மிச்சம். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும். பாலியில் வசூலிக்கிற சுற்றுலா வரி இங்கே கிடையாது. மும்பையிலிருந்து கோலாலம்பூர் போய் அங்கிருந்து மேடான், ஒரு மணி நேரப் பயணம், கடிகாரம் ஒரு மணி பின்னால் போவதால் ஏறிய நேரத்துக்கே இறங்குவீர்கள். விமான நிலையத்திலிருந்து நகருக்கு ரயில் உண்டு, டாக்சிக்காரர் இல்லை என்பார், உண்டு. ருப்பியாவில் சைபர் எக்கச்சக்கம் என்பதால் கடைகளில் ஆயிரத்தை விட்டுவிட்டு இருபத்தைந்து, ஐம்பது என்றுதான் சொல்வார்கள், பயப்படாமல் ஆயிரத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். மேடான், டோபா, புக்கிட் லாவாங் மூன்றுக்கும் ஒரு வாரம் தாராளம். மினாங்கபாவ் ஊர்களான புக்கிட்டிங்கி பக்கமும் போக வேண்டும் என்றால் தனியாக நாலு நாள். சொத்தெல்லாம் பெண் வழியில் போகிற முஸ்லிம் சமூகம் அது, அதற்காகவே ஒரு இதழ் எழுதலாம்.

ரா.ஸ்ரீ., கிங்ஸ் சர்க்கிள்: சுமத்ரா காபி என்று இங்கே பெரிய கடைகளில் தங்க விலைக்கு விற்கிறார்கள். நம் ஃபில்டரில் போட்டால் வருமா?

வரும், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற மணம் வராது. சுமத்ராவில் மழை அதிகம், கொட்டையை முழுசாகக் காயவைக்க வெயில் கிடைப்பதில்லை. அதனால் பாதி ஈரத்திலேயே மேல்தோலை உரித்துவிட்டு அப்புறம் காயவைக்கிறார்கள். அந்த முறையால் புளிப்பு குறைந்து, மண்வாசனையும் கனமும் ஏறிவிடுகிறது. அங்கே அவர்கள் குடிப்பது கண்ணாடி டம்ளரில் நைசான பொடி, சர்க்கரை, கொதிக்கிற தண்ணீர், அவ்வளவுதான். வடிகட்டல் கிடையாது. நாலைந்து நிமிடம் தொடாமல் வைத்தால் பொடி அடியில் தங்கும், மேலாகக் குடித்துவிட்டு அடி வண்டலை விட்டுவிட வேண்டும். அவசரப்பட்டால் வாய் முழுக்கப் பொடி.

பால் கலந்து டிகிரி காபி போட சிக்மகளூர் கொட்டைதான் சரி. சுமத்ராவைத் தனியாகக் கறுப்பாகக் குடியுங்கள். வாங்குவதானால் மேடான் சந்தையில் காயோ அல்லது சிடிக்காலாங் கொட்டையாக, வறுத்த தேதி பார்த்து அரை கிலோ வாங்குங்கள், பொடியாக வேண்டாம். லுவாக் காபி என்று புனுகுப்பூனை தின்று போட்டதை விற்க வருவார்கள். பூனையைக் கூண்டில் அடைத்து வைத்துப் பழம் ஊட்டுகிற தொழிலாகிவிட்டது அது, வாங்காதீர்கள்.